வட்டமாகப் போட்ட கையெழுத்து

என் மகள் தன் வகுப்பில் என்னை ஒரு நல்ல காரியத்துக்கு உதாரணமாகக் காட்டினாள். அதைக் கேட்டபடி நான் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் வந்திருக்கலாம், டாக்ஸி கிடைக்காமல் போயிருக்கலாம். எதுவும் நடக்கவில்லை. பத்து நிமிஷம் முன்னதாகவே போய் உட்கார்ந்துவிட்டேன். எதிலும் முந்திக்கொள்வது என் சுபாவம்.

அவள் அபுதாபியில் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிச் செலவை என் கணவரின் கம்பெனி ஏற்றுக்கொண்டதால் அமெரிக்கப் பாடத்திட்டம். வரலாற்று டீச்சர், ஓய்வு வயதை நெருங்கிய ஒரு கறுப்பின அமெரிக்கப் பெண்மணி. அந்தப் பருவத்தில் அவர் எடுத்த பாடம், அவருடைய மக்கள் சம உரிமைக்காகப் போராடிய வரலாறு. அதற்கு ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்திருந்தார். ஒரு தாளில் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் மனு, வழக்கு, கோர்ட்டு என்று போனவர்கள். இரண்டாவதில், அடித்தாலும் திருப்பி அடிக்காமல் கடைகளிலும் பஸ்களிலும் வெள்ளையருக்கான இடத்தில் போய் உட்கார்ந்து நகர மறுத்தவர்கள். மூன்றாவதில், என் வாசலுக்கு வந்தால் சும்மா விடமாட்டேன், உன் பக்கத்தில் உட்கார எனக்கு ஆசையும் இல்லை, எங்கள் கடையையும் பள்ளியையும் நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்றவர்கள். இவர்களுக்குள் இருந்த சண்டையைப் புரிந்துகொள்ள வேண்டும். கூடவே, உங்கள் வீட்டிலோ தெரிந்த இடத்திலோ நடந்த ஓர் உதாரணத்தைப் பொருத்தமான கட்டத்தில் எழுதிக் கொண்டுவர வேண்டும்.

தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது மகள் வந்து கேட்டாள். நம் வீட்டில் யாராவது எதையாவது எதிர்த்திருக்கிறீர்களா என்று, இல்லை என்ற பதிலை எதிர்பார்த்த குரலில். எனக்குச் சுருக்கென்றது. ஏன், நான் இல்லையா என்று ஆரம்பித்துவிட்டேன். ஆரம்பித்திருக்கக் கூடாது. ஆனால் அவள் கண்கள் விரிவதைப் பார்த்ததும் நிறுத்த முடியவில்லை. பாதிக் கதையை மட்டும் சொன்னேன்.

சொன்ன பாதி இதுதான். அவள் கேஜி படித்த காலத்தில் நான் முசஃபாவில் ஒரு கட்டுமான கம்பெனியில் டாகுமெண்ட் கண்ட்ரோலராக இருந்தேன்; எனக்கும் அவளுக்கும் விசா அப்போது அந்த கம்பெனியுடையதுதான். வரும் கடிதம், போகும் கடிதம், வரைபடம் எல்லாவற்றுக்கும் எண் போட்டு, வரிசைப்படுத்தி, கேட்ட நிமிஷத்தில் எடுத்துக்கொடுக்கும் வேலை. ஆஃபீஸ் ஒரு போர்ட்டா கேபின், மெல்லிய தகர அறைதான்; அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம் தொழிலாளர் கேம்ப். கம்பி கட்டும் கேங் ஒன்று, முப்பத்தொரு பேர், அபுதாபித் தீவில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு டவருக்கு டியூட்டி போய்வந்தார்கள். அவர்களுக்கும் தச்சர்களுக்கும் சேர்த்து ஒரே பஸ். தச்சர்களை முதலில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்ப வரும். அதுவரை கம்பி கட்டுகிறவர்கள் சைட் கேட்டுக்கு வெளியே இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்பார்கள். கேம்புக்கு வந்து சேரும்போது மெஸ்ஸில் குழம்பு புளித்திருக்கும். ஒரு பையன் கேட்டருகே மயங்கி விழுந்தான். அவர்களுக்காக நான் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் இரண்டாவது பஸ் வந்தது.

இதைக் கேட்டுவிட்டு மகள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். முதல் கட்டத்தில் 'என் அம்மாவின் கடிதம்' என்று எழுதிக்கொண்டு போனாள்.

பெற்றோர்களையும் அழைத்திருந்த அந்த மத்தியானத்தில் அவள் அழகாகப் பேசினாள். மரியாதையாகக் கேட்டால் கிடைக்கும் என்பதற்கு முசஃபா பஸ் ஒரு சாட்சி என்று முடித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சரும் தட்டினார். தட்டிவிட்டு, ஒரே ஒரு கேள்வி என்றார். அந்தக் கடிதத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்களா, போட்டிருந்தால் எப்படிப் போட்டார்கள் என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் என் கைப்பையின் ஜிப்பைப் பார்த்தேன். தெரியவில்லை என்றாள் மகள்.

ஏன் கேட்டேன் தெரியுமா என்று டீச்சர் மேஜையில் சாய்ந்துகொண்டு தன் வீட்டுக் கதையைச் சொன்னார். அவர் பிறப்பதற்கு முன்னால், தெற்கே ஒரு சிறிய ஊர். வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்று கறுப்புப் பெற்றோர்கள் ஒரு மனு எழுதினார்கள். அவருடைய அப்பா அதில் கையெழுத்துப் போட்டார். வாயால் கேட்பதற்கே பயந்த ஊரில், மனுவில் பேர் எழுதுவது பெரிய காரியம். ஊர்ப் பத்திரிகை அந்த மனுவைப் பற்றி ஒரு வார்த்தை கூடத் திட்டி எழுதவில்லை. கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்களையும் விலாசங்களையும் வரிசையாக அச்சடித்தது, அவ்வளவுதான். மறுநாள் முதல் ஒவ்வொருவராக வேலை இழந்தார்கள். மளிகைக் கடைக்காரர் சாமான் தர மறுத்தார். சிலர் போய், என் பேரை எடுத்துவிடுங்கள் என்று கேட்டு எடுக்க வைத்தார்கள். அப்பா எடுக்கவில்லை.

அப்பாவுக்கு ஒரு தம்பி. மனுவென்றாலே அவருக்குச் சிரிப்பு. நம் பேரையும் விலாசத்தையும் நாமே எழுதிக் கொடுத்து, எங்களை எங்கே வந்து அடிக்கலாம் என்று சொல்கிறோமா என்று கேட்டாராம். அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஆனால் பத்திரிகையில் விலாசம் வந்த அன்று சாயங்காலம் தம்பி ஒரு துப்பாக்கியோடு வந்து அண்ணன் வீட்டு முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு தினமும் வந்தார். தன் வீட்டில் ஆயுதம் கூடாது என்பது அப்பாவின் கொள்கை. அதனால் தம்பி உட்கார்ந்திருக்கும்போது அப்பா பின்வாசல் வழியாகத்தான் போய்வருவார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அம்மாதான் காபி கொண்டுபோய்க் கொடுப்பாராம். இருவரும் கடைசி வரை ஒருவர் சொன்னதை மற்றவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றார் டீச்சர். வீட்டுப்பாடத்தில் நான் மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தேன், எங்கள் வீட்டில் எல்லாம் ஒரே வாசலில்தான் இருந்தது என்றும் சொன்னார்.

அப்புறம் மகள் பக்கம் திரும்பி, மனு கொடுத்தார்கள் என்று யாராவது சொன்னால் நான் முதலில் நினைப்பது, அதில் முதல் பேர் யாருடையது, அவருக்கு என்ன ஆனது என்பதைத்தான் என்றார். குற்றம் சாட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மறுபடி மூடினேன்.

சொல்லாத பாதியை இப்போது சொல்கிறேன்.

அந்த கேங்கில் இரண்டு பேர் பேச்சுக்குத்தான் மற்றவர்கள் காது கொடுப்பார்கள். ஒருவர் பாய். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர், ஐம்பது தாண்டியவர். கம்பெனி ஆரம்பித்த காலத்திலேயே வந்தவர் என்பதால் அவருடைய எண் பதினாலு. மற்றவர்கள் எல்லாம் ஆயிரத்தைத் தாண்டிய எண்கள். அந்த டவரின் அஸ்திவாரத்துக்குக் கம்பி கட்டியவர். உச்சி மாடிக்கும் நானே கட்டிவிட்டு, அங்கே நின்று கடலைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டிருப்பார். இன்னொருவர் முப்பது வயதிருக்கும், கடலூர்க்காரர். என்னை அக்கா என்பார். நான் தம்பி என்பேன்.

பையன் மயங்கி விழுந்ததும் இவர்களுக்குள் தகராறு. கடலூர்த் தம்பி சொன்னது, நாளைக்குக் காலையில் யாரும் பஸ்ஸில் ஏற வேண்டாம், கேம்ப் வாசலில் உட்காருவோம், ஒரு நாள் போதும் என்று. பாய் கூடாதென்றார். இந்த ஊரில் வேலையை நிறுத்துவது சட்டப்படி குற்றம், மொத்தப் பேருடைய விசாவையும் கேன்சல் செய்து ஃபிளைட் ஏற்றிவிடுவார்கள், ஒரு லெட்டர் கொடுத்துப் பார்ப்போம் என்றார். தம்பிக்கு லெட்டர் என்றாலே ஆகாது. அவர் ஊரில் அவருடைய தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை கேட்டு மூன்று தலைமுறையாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்களாம். இதெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. இரண்டு நாள் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். லெட்டர்தான், ஆனால் கையெழுத்து தம்பி சொல்கிற மாதிரி.

தம்பி மட்டும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மெஸ்ஸில் சாப்பிடும் எவர்சில்வர் தட்டைத் தாளின் மேல் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றி பேனாவால் கோடு இழுத்திருந்தார்கள். அந்த வட்டத்தின் மேலே, சூரியனுக்குக் கதிர் போட்ட மாதிரி, சுற்றிலும் கையெழுத்துகள். தமிழ், இந்தி, பெங்காலி, தெலுங்கு, நடுநடுவே கைநாட்டு. ஒரு மூலையில் எண்ணெய்க் கறை.

"மொத ஆளு கடைசி ஆளுன்னு யாரும் இருக்கக் கூடாதுக்கா. லெட்டர நீங்க எப்படி வேணா எழுதுங்க. இத மட்டும் இப்படியே குடுத்துடுங்க."

சரி என்றேன். வாயால் சொன்னேன், அவ்வளவுதான்.

எனக்கு ஒழுங்கென்றால் கிறுக்கு. வீட்டில் மசாலா டப்பாக்கள் கூட உயர வரிசையில்தான் நிற்கும். கடிதத்தை மிக நன்றாக எழுதினேன்; இன்றைக்கும் அதில் மாற்ற ஒரு வார்த்தை கிடையாது. எழுதி முடித்துப் பக்கத்தில் அந்தத் தட்டுத் தாளை வைத்துப் பார்த்தேன். மானம் போகிற மாதிரி இருந்தது. இதைப் படிக்க மேனேஜர் தாளை ஸ்டீயரிங் மாதிரி சுற்ற வேண்டும். எண்ணெய்க் கறையைப் பார்த்ததுமே குப்பையில் போடுவார். இவர்கள் பயத்தில் சின்னப்பிள்ளைத்தனமாக எதையோ செய்திருக்கிறார்கள், முறையாக வந்தால்தான் முறையாகக் கவனிப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கம்ப்யூட்டரில் அந்த கேங்கின் டைம்ஷீட் இருந்தது. முப்பத்தொரு பேரும் அதில் இருந்தார்கள். அதை அப்படியே எடுத்து ஒட்டினேன். வரிசை எண், ஊழியர் எண், பெயர், வேலை. 'கையொப்பமிட்டோர்' என்று தலைப்பும் கொடுத்தேன். மூன்று நிமிஷ வேலை. டைம்ஷீட் ஊழியர் எண் வரிசையில் இருந்ததால் முதல் பேர் பாயுடையது. தட்டுத் தாளை ஒரிஜினல் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃபைலில் வைத்தேன்.

நான்கு நாள் கழித்து மேனேஜர் பாயைக் கூப்பிட்டனுப்பினார். மொழிபெயர்க்க என்னையும். மேஜை மேல் என் பட்டியல் இருந்தது. முதல் வரியின் மேல் விரலை வைத்து, இது உன் பேரா என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். பாய்க்கு ஆங்கில எழுத்து தெரியாது, எண் தெரியும். பதினாலு என்பதைப் பார்த்தார். பட்டியலை மேலிருந்து கீழே மெதுவாகப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நீங்கள்தான் இதை ஆரம்பித்தீர்களா என்று மேனேஜர் கேட்பதையும் சொன்னேன்.

"ஆமாண்டு சொல்லுங்க தங்கச்சி."

அவ்வளவுதான் பேசினார். வேறு யாரையும் கூப்பிடவில்லை. அந்த வாரமே அவரை கேன்சல் செய்தார்கள். அதே வாரம் இரண்டாவது பஸ்ஸும் வந்தது. கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும், கேட்க வைத்தவனை அனுப்பிவிட வேண்டும் என்பது மேனேஜரின் கணக்கு. பாயின் கேன்சல் தாள்களுக்கு எண் போட்டு ஃபைலில் வைத்ததும் நான்தான். ஏர்போர்ட் போகும் முன் கேபின் வாசலில் வந்து நின்றார். பஸ் வந்துருச்சுல்ல தங்கச்சி, பயலுக நேரத்துக்குச் சாப்புடுவாங்க என்றார். நான் அழவில்லை. அழுதிருந்தால் ஏனென்று கேட்டிருப்பார்.

மறுநாள் கடலூர்த் தம்பி வந்தார்.

"தட்டு எங்கக்கா?"

ஃபைலில் பத்திரமாக இருக்கிறது என்றேன். என் மேஜையில் அடுக்கியிருந்த ஃபைல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு போய்விட்டார். அதற்குப் பின் அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. மேடம் என்றார்.

அந்தத் தாளை அங்கே விட்டுவைக்கவும் பயம், கிழித்துப் போடவும் பயம். வீட்டுக்கு எடுத்துவந்து பாஸ்போர்ட், சர்டிஃபிகேட் வைக்கும் பைக்கு அடியில் போட்டுவிட்டு, அதன் பக்கமே போகவில்லை. ஆனால் பாய் என்னை விடவில்லை. பள்ளியில் வகுப்புப் பட்டியல் வந்தால் என் கண் முதல் பேருக்குத்தான் போகும். பாவம், இந்தக் குழந்தை என்று தோன்றும். முசஃபா ரோட்டில் லேபர் பஸ் நின்றால் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்ப்பேன், அவர் இந்த ஊரிலேயே இல்லை என்று தெரிந்தும். சவுதியில், யான்புவில் யாரோ அவரைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். இல்லை, ஊரில்தான் இருக்கிறார் என்றார் இன்னொருவர். டவர் எழும்பி நிற்கிறது. மகளைப் பள்ளியில் விடப் போகும் வழியில் தினமும் தெரிகிறது. உச்சி மாடியில் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். கண்ணாடியில் படும் வெயில்தான். இத்தனை வருஷமாக நான் சுமந்தது அவருடைய அந்தப் பார்வையைத்தான். ஏன் என் பேரை முதலில் போட்டாய் என்று கேட்ட பார்வை என்றே நினைத்திருந்தேன்.

பள்ளியிலிருந்து திரும்பிய கையோடு பையைக் கவிழ்த்துத் தாளை எடுத்தேன். மகளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடித்தேன். நீ நினைத்த அம்மா நான் இல்லை என்று சொன்னபோது மட்டும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் தாளைத் தன் பக்கம் இழுத்து, இதில் அவர் பேர் எது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது.

இதோ என்று காட்டப் போனேன். பாய்க்குத் தமிழ் எழுத நன்றாக வரும். சம்பள நாளில் நீட்டி முழக்கி முழுப் பேரையும் எழுதுவார். அந்தக் கையெழுத்து எனக்கு மனப்பாடம். தாளைச் சுற்றினேன். தமிழ்ப் பேர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். மறுபடி சுற்றினேன். மகள் ஒரு பென்சிலை எடுத்து, புள்ளி வைத்துக்கொண்டே எண்ணினாள். முப்பது. மறுபடி எண்ணச் சொன்னேன். கைநாட்டுகளையும் சேர்த்து முப்பதுதான்.

கேங்கில் முப்பத்தொரு பேர்.

பாய் அதில் கையெழுத்தே போடவில்லை. போட வேண்டாம் என்று அவர்கள்தான் தடுத்திருக்க வேண்டும். எண் பதினாலு, எல்லோருக்கும் மூத்தவர், வட்டத்தில் எங்கே எழுதினாலும் அவர் மேல்தான் விரல் விழும் என்று கடலூர்த் தம்பிக்குத் தெரிந்திருக்கும். பாயின் லெட்டரை ஒரு நாளும் நம்பாத அந்த மனிதர்தான், அவருக்கு அடி படக்கூடாதென்று அவரை வெளியே நிறுத்தியிருக்கிறார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்த டீச்சரின் சித்தப்பா நினைவுக்கு வந்தார். முப்பது பேர் சேர்ந்து மறைத்து வைத்தவரை, நான் மூன்று நிமிஷத்தில் எடுத்து முதல் வரியில் நிறுத்தியிருக்கிறேன். படித்துக்கூடப் பார்க்காமல்.

மகள் இன்னமும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் போடலைன்னு அவர் சொல்லியிருக்கலாமேம்மா. ஏன் ஆமான்னு சொன்னார்?"

இல்லை என்று சொல்லியிருந்தால் மேனேஜர் ஒரிஜினலைக் கேட்டிருப்பார். பட்டியல் பொய்யென்று தெரிந்திருக்கும். அதை டைப் செய்த கை யாருடையது என்பதும் தெரிந்திருக்கும். அவருக்குப் பதிலாக நான் ஃபிளைட் ஏறியிருப்பேன், கேஜி படிக்கும் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு.

"சொல்றதுக்கு முன்னாடி அவர் என்னைப் பார்த்தார்" என்றேன்.